செவ்வந்தி எண்ணெய்க்குப் பெயர் வைக்கும் பிள்ளைக்கு

நீர்வேலி

அன்புள்ள பிள்ளை,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய லேபிள் மாதிரி கிடைத்தது. எழுத்தும் படமும் வடிவாக வந்திருக்கின்றன. சவர்க்காரம் ஒன்று, பூவெண்ணெய் ஒன்று, இரண்டையும் முதலில் இங்கே விற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு பாரிசில் இருக்கிற மச்சாள் மூலம் அங்கேயும் அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறாய். படிப்பு முடிந்த கையோடு வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் நீயாக ஒரு தொழில் தொடங்குவது எனக்கு மெத்தச் சந்தோசம். ஆனால் லேபிளின் முதல் வரியில் “கலெண்டுலா எண்ணெய்” என்றும், அதன் கீழே “யாழ்ப்பாணத்துச் செவ்வந்திப் பூவில் இருந்து” என்றும் போட்டிருக்கிறாய். இந்த இரண்டும் ஒரே போத்தலில் இருக்க வழியில்லை. அச்சுக்குக் கொடுக்க முன் இந்தக் கடிதத்தை முழுவதும் வாசி. தொலைபேசியில் சொன்னால் பாதி காதில் ஏறாது என்பதால்தான் எழுதுகிறேன்.

கலெண்டுலா மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளின் செடி. கலெண்டுலா ஒஃபிசினாலிஸ் என்பது அதன் முழுப்பெயர். நமது தோட்டத்தில் மாலைக்காக வளர்க்கிற செவ்வந்தி மெக்சிக்கோவில் இருந்து உலகம் சுற்றி வந்தது. அது டாஜெட்டஸ் எரெக்டா. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம் என்பதோடு உறவு முடிகிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் மாரிகோல்ட் என்று சொல்கிறார்கள். இணையத்தில் வாசிக்கிறவர்கள் ஒன்றின் குணத்தை எடுத்து மற்றதின் தலையில் வைத்துவிடுகிறார்கள். நீயும் அப்படித்தான் வாசித்திருப்பாய். அதில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பூவைப் பார்த்துக் குழம்பினால் இலையைப் பார். செவ்வந்தி இலை பல சிறு இலைகளாகப் பிரிந்து, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தப் பற்களின் அடியில் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். கசக்கினால் மூக்கில் ஏறுகிற கார மணம். கலெண்டுலா இலை பிரியாத ஒற்றை இலை. நீள்வட்டம், மெல்லிய மயிர், தொட்டால் விரலில் சற்றுப் பிசுபிசுக்கும். விதையில் இன்னும் தெளிவு. செவ்வந்தி விதை கறுத்த ஊசி. அதன் நுனியில் வைக்கோல் நிறத் தும்பு இருக்கும். கலெண்டுலா விதை கோழி நகம் மாதிரி வளைந்து, முதுகில் முள்முள்ளாக இருக்கும். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அதை அழகுக்காக வளர்ப்பார்கள். நமது பங்குனி, சித்திரை வெயிலில் அது நின்றுபிடிக்காது. ஆகவே யாழ்ப்பாணத்தில் யாராவது உனக்குக் கூடை கூடையாகக் “கலெண்டுலாப் பூ” கொண்டுவந்து தந்தால், அது வேறு பூ என்று வாங்க முன்பே தெரிந்துகொள்.

பெயரில் என்ன வந்துவிடப் போகிறது, இரண்டும் மஞ்சள் பூத்தானே என்று உனக்குத் தோன்றலாம். கலெண்டுலாவுக்கு அந்த நல்ல பெயர் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், அப்போது விளங்கும்.

ஐரோப்பாவில் அந்தப் பூவின் இதழைக் காயவைத்து, எண்ணெயில் ஊறப்போட்டு, சிறு காயம், வெயிலில் சிவந்த தோல், குழந்தையின் துணி உரசிய புண் ஆகியவற்றுக்குப் பூசி வந்தார்கள். கஷாயமாக்கி வாய் கொப்புளித்தார்கள். வெண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் நிறம் கொடுத்தார்கள். குங்குமப்பூ வாங்க வசதியில்லாதவர்கள் சூப்பில் போட்டார்கள். ஐரோப்பிய மருந்து முகமை இன்றைக்கும் அதைத் தோலின் சிறு அழற்சிக்கும் சிறு காயத்துக்கும் வாய், தொண்டை அழற்சிக்கும் உரிய பாரம்பரிய மருந்தாகவே வைத்திருக்கிறது. பாரம்பரியம் என்ற அந்தச் சொல்லைக் கவனி. நெடுங்காலம் பாவித்து வந்திருக்கிறார்கள் என்பதே அதற்கு ஆதாரம் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பிரான்சில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெற்ற 254 பெண்களில் கலெண்டுலாக் களிம்பைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். வேறு ஒரு களிம்பு பூசியவர்களில் 63 வீதமானோருக்குத் தோல் கடுமையாக எரிந்து புண்பட்டது. கலெண்டுலா பூசியவர்களில் அது 41 வீதம். உலகம் முழுவதும் அந்தச் செய்தி பரவியது. சுவீடனில் நானூறுக்கு மேற்பட்டவர்களிடம் சாதாரணக் களிம்பு ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் வித்தியாசம் காணவில்லை. இந்த இரண்டாவது செய்தியை யாரும் லேபிளில் போடுவதில்லை. நல்ல பூத்தான், ஆனால் அதன் நன்மைக்கும் ஓர் எல்லை உண்டு; சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்கள் ஒத்துவராத தோலுக்கு அதுவே அரிப்பையும் கொடுக்கும்.

இனிச் செவ்வந்திக்கு வருகிறேன். நீ கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

செவ்வந்தியின் வேரிலும் இலையிலும் பூவிலும் தயோஃபீன் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அவை தோலைத் தாக்கும். கையில் பூசிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தால் ஒன்றும் தெரியாது. வெளியே போனால் சிவந்து எரியலாம், கறுத்துத் தழும்பு விழலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் டாஜெட்டஸ் எரெக்டாவின் பூச்சாற்றையும் பூவெண்ணெயையும் அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கக்கூடாது என்றே விலக்கிவிட்டது. அதன் உறவினர் இரண்டு இனங்களுக்கு மிகச் சிறிய அளவு வரை அனுமதி. வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் அவையும் கூடாது. அதே நாடுகளில் கலெண்டுலாவுக்குத் தடையில்லை. மச்சாள் உன் போத்தலைப் பாரிசில் விற்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். லேபிளில் இருப்பது அனுமதித்த பூ, உள்ளே இருப்பது விலக்கிய பூ. பிடிபட்டால் அவளுக்கு வழக்கு. பிடிபடாவிட்டால் யாரோ ஒரு தாய் அதைத் தன் குழந்தையின் தோலில் பூசிவிட்டுப் பூங்காவுக்குக் கொண்டு போவாள். எனக்கு வழக்கைவிட அந்தக் குழந்தையின் தோல்தான் பெரிய கவலை. பாரிசின் வெயிலுக்கே இப்படியென்றால், நமது வெயிலில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் கையில் அதைப் பூசக் கொடுப்பது எப்படி?

நம் ஊரில் செவ்வந்தி இலையை வெட்டுக்காயத்தில் கசக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். தோட்டத்தில் மண்வெட்டி பட்ட இடத்தில் ஒருதரம் வைத்துக் கட்டுவது வேறு. சாற்றை எண்ணெயில் இறக்கி, நாள்தோறும் முகத்திலும் கையிலும் பூசு என்று ஊருக்கு விற்பது வேறு. வீட்டுப் பழக்கத்தில் அளவும் இடமும் தானாகவே குறுகி நிற்கும். போத்தலில் அடைத்தவுடன் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். சந்தைக்கு வருகிற பூ மாலைக்காக வளர்த்த பூ. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளையும் மனதில் வைத்து நட்டு, மொட்டில் புழு வைக்காமல் இருக்க மருந்தடித்து எடுத்த பூ. சாமிக்குச் சாத்தின மாலையை வீணாக்காமல் எண்ணெய் காய்ச்சலாம் என்று நீ எழுதியிருந்தாய். வீணாக்கக் கூடாது என்ற உன் எண்ணம் நல்லது. அந்த மாலையைக் குப்பைக் கிடங்கில் போட்டு எருவாக்கு. தோலில் பூசுகிற எண்ணெய்க்கு எடுக்காதே. நீரில் கழுவினால் மேலே ஒட்டியது போகும். எண்ணெயில் கரைகிற நஞ்சு இதழோடு இருந்து உன் போத்தலுக்குள்தான் இறங்கும்.

அப்படியானால் செவ்வந்தியால் பிரயோசனமில்லையா என்று கேட்பாய். நிறைய உண்டு. நமது செம்பாட்டு மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கிறவர்களுக்கு வேர்முடிச்சுப் புழு பெரிய எதிரி. கண்ணுக்குத் தெரியாத புழு. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கட்டி கட்டியாக வீங்கியிருக்கும். செவ்வந்தியின் வேரில் உள்ள அந்தத் தயோஃபீனே புழுவை அடக்குகிறது. பாத்தியோரத்தில் நாலு செடி நின்றால் போதாது. ஒரு போகம் நெருக்கமாக நட்டு, பிறகு மண்ணோடு உழுது விட்டால் அடுத்த பயிருக்கு உதவும். தோலுக்கு ஆகாத பொருள் மண்ணுக்கு மருந்தாக நிற்கிறது. இதழில் உள்ள லுட்டீனைப் பிரித்தெடுக்கத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இதை ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். கோழித் தீனியில் சேர்த்தால் முட்டை மஞ்சட்கரு நன்றாக நிறம் பிடிக்கும். கண்ணுக்கான மாத்திரைகளிலும் அதுவே போகிறது.

உனக்குத் தொழிலாக வரக்கூடியது சாயம். பருத்தித் துணி வெறும் பூச்சாற்றைப் பிடிக்காது. முதல் கழுவலிலேயே போய்விடும். துணியை நன்றாக அவித்துக் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக்கு. கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஒரு இரவு ஊறவிட்டுப் பிழிந்து காயவை. அடுத்ததாகப் படிகார நீரில் ஊறவிடு. பிறகு இதழ்களைக் கொதிக்க வைத்து வடித்த நீரில் துணியைப் போட்டு, கொதிக்க விடாமல் மெல்லிய சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்து, அதே நீரில் ஆறவிடு. நல்ல பொன்மஞ்சள் வரும். அந்த நீரில் துருப்பிடித்த ஆணி ஊறின தண்ணீர் கொஞ்சம் விட்டால் மஞ்சள் மாறிப் பாசிப்பச்சைக்குப் போகும். நமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருகிற நீர்; அதில் ஒரு நிறம் வரும், மாரியில் பிடித்து வைத்த மழைநீரில் இன்னொரு நிறம் வரும். இரண்டிலும் செய்து துண்டு துண்டாக வெட்டிக் கொப்பியில் ஒட்டி வை. (உன் சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று போன மாதம் கவலைப்பட்டாயே, அதற்கும் இந்த நீர்தான் காரணம். மழைநீரில் ஒருதரம் கையைக் கழுவிப் பார்.) கோயில் மாலைகளையும் இந்தச் சாயத்துக்குத் தாராளமாக எடுக்கலாம். செவ்வந்திச் சாயம் தோய்த்த சால்வை என்று பெயரைப் போட்டு விற்றால் அதில் ஒரு எழுத்தும் பொய் இராது.

உடம்புக்கு என்றால் நமது வேலியிலும் முற்றத்திலும் நிற்கிற பூக்களிடம் போ. அவற்றை எந்த ஐரோப்பியப் பெயராலும் அழைக்கத் தேவையில்லை.

செவ்வரத்தையை எடுத்துக்கொள். அதன் இலையையும் பூவையும் கசக்கினால் வருகிற வழுவழுப்பு, தலையில் எண்ணெயையும் அழுக்கையும் எடுத்துக்கொண்டு மயிரை வறட்டாமல் விடும். வெந்தயத்தை இரவு ஊறவைத்து, அதோடு அரைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டு முழுகிய தலைகள் இந்த ஊரில் எத்தனையோ. மயிர் வளரும் என்று எழுதாதே. தலை சுத்தமாகும், மயிர் சிக்கில்லாமல் இருக்கும் என்று எழுது. அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் உறுதியாகத் தெரியும். சவர்க்காரத்தில் போட்டால் அந்தச் சிவப்பு காரம் பட்டதும் மண்ணிறமாகிவிடும். ஆகவே செவ்வரத்தையைப் பொடியாக விற்பதே நல்லது.

பூவரசம்பூ வெளுத்த மஞ்சளாகப் பூத்து வாடும்போது சிவப்பேறும். அதில் மருந்து என்று நம்மவர்கள் தேடியது பூவைவிடக் காயில். பிஞ்சுக் காயைக் கீறினால் மஞ்சளாக ஒரு பால் கசியும். படர்தாமரைக்கும் சொறிக்கும் அதைத் தொட்டு வைப்பார்கள். பட்டையை அவித்த நீரில் புண் கழுவுவார்கள். வேலிக்கு வேலி நிற்கிற மரம், வெட்ட வெட்டத் தழைக்கிற மரம். இப்போது மதில் கட்டுகிற மோகத்தில் பூவரசங்கதியால் போடுவாரில்லை. உன் வளவில் மேற்கு வேலி இன்னும் பூவரசுதான் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. அதை மட்டும் விழுத்திவிடாதே.

வேப்பம்பூவைப் பற்றி நீண்டு எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். பூ விழத் தொடங்கும் நாட்களில் மரத்தின் கீழே கூட்டித் துப்புரவாக்கிப் பழைய சேலையை விரித்து வைத்தால் விடியப் பார்க்கும்போது சேலை முழுக்க வெள்ளைப் பொட்டாகக் கிடக்கும். சுளகில் போட்டுப் புடைத்துக் காம்பும் இலையும் நீக்கி வெயிலில் காயவிடுவார்கள். உழுந்தை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, அதில் வேப்பம்பூ, சிறிதாக வெட்டின சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்புச் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டையாக்கித் தட்டிப் பாயில் பரப்புவார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப் போட வேண்டும்; நடுவில் ஈரம் நின்றால் பிறகு பூசணம் பிடித்துவிடும். உடைத்தால் “டக்” என்று சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பதம். காற்றுப் புகாத தகரத்தில் போட்டு வைத்தால் மாரி முழுக்கக் கைகொடுக்கும். நல்லெண்ணெயில் பொரித்துச் சோற்றோடு தின்றால் முதலில் வெங்காயமும் உழுந்தும் மணக்கும், கடைசியில் ஒரு மெல்லிய கசப்பு நாக்கில் நிற்கும். காய்ச்சல் விட்டு எழும்பினவருக்கு வாய்க்கு ருசி வரச் செய்ய இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருக்கிற நமது சனம் இதற்காக ஏங்குகிறது. நீ எண்ணெய்ப் போத்தலை விட்டுவிட்டு வேப்பம்பூ வடகத்தை மட்டும் செய்தாலே அனுப்பித் தீராது.

ஆனால் வேம்பு என்றவுடன் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதே. பூவைச் சாப்பாட்டில் சேர்ப்பதும் வித்தின் எண்ணெயைக் குடிக்கக் கொடுப்பதும் ஒன்றாகாது. மலேசியாவில் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் பருக்கி, வாந்தி, வலிப்பு, மயக்கம் வந்து, உயிரே போன சம்பவங்களை அங்குள்ள மருத்துவர்கள் 1981இல் எழுதினார்கள். கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற தாய்மாரும் அம்மம்மாமாரும், அன்போடு கொடுத்தவர்கள். ஒரே மரத்தில் பூ சாப்பாடு, எண்ணெய் வெளிப்பூச்சு. இந்தக் கோட்டை உன் வாடிக்கையாளருக்கு நீயே சொல்ல வேண்டும்.

ஆவரசு நமது குடாநாட்டின் வறண்ட கரைகளிலும் அங்காலே பூநகரி, மன்னார்ப் பக்கமும் நிற்கிற செடி. தண்ணீர் கேளாது, உப்புக்காற்றுக்கு அஞ்சாது. சிங்களவர் ரணவரா என்று அதன் பூவைத் தேநீராகக் குடிக்கிறார்கள். உடம்புச் சூட்டுக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் நீரிழிவுக்கும் நம்மவர் குடித்தார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று ஒன்று இருக்கிறது: ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை. நான் வைத்தியசாலையில் வேலை பார்த்த காலத்தில் அதைக் கொடுத்திருக்கிறேன். அதைக் கொடுத்த ஒவ்வொருவரிடமும் வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டே கொடுத்தேன். சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமாசெபின் எடுக்கிறவர்களுக்கு இன்னும் கவனம். இலங்கை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளுக்கு ஆவரசம்பூப் பானத்தைக் கொடுத்துப் பார்த்தபோது அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பங்கு கூடியிருந்தது. பூத்தேநீர்தானே என்று குடிக்கிற ஒருவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஆகவே ஆவரசம்பூவை நீ விற்பதானால் குளியல் மாவாக விற்பனை செய். நிழலில் காயவைத்த பூ, பயற்றம்மா, கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். தோலுக்கு இதம், யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. குடிக்கிற சரக்கை வைத்தியரிடம் விட்டுவிடு. செடியின் பட்டையில் துவர் நிறைய. தமிழ்நாட்டில் தோல் பதனிட அதைத்தான் பாவித்தார்கள். உன் சாயத் துணிக்குக் கடுக்காய் கிடைக்காத நாளில் அதை முயன்று பார்.

சித்திரை வருடப்பிறப்பன்று தலையில் வைக்கிற மருத்துநீரை மறந்துவிடாதே. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு, திப்பிலி என்று பஞ்சாங்கத்தில் பட்டியல் போட்டிருக்கும். கோயிலில் காய்ச்சிப் போத்தலோடு போகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு ஊர் முழுக்க ஒரே நாளில் பூவையும் இலையையும் மருந்தென்று தலையில் வைக்கிற வழக்கம் நமக்கு இருக்கும்போது, பூ மருந்தை வெளியே போய்த்தான் கற்க வேண்டும் என்றில்லை.

இனி ஒரு கடுமையான விசயம். காய்ந்த இதழை யாரிடமும் வாங்காதே. நமது ஊரில் மஞ்சள் பூ என்றால் ஆவரசும் செவ்வந்தியும் மட்டுமில்லை. மஞ்சள் அலரி வீட்டுக்கு வீடு நிற்கிறது. கார்த்திகைப்பூ மாரியில் வேலி முழுக்க ஏறிக் கொடி விடுகிறது. காய்ந்து சுருண்டபின் மஞ்சள் இதழ் எல்லாம் ஒன்றுபோலத்தான். அலரியின் நஞ்சு நேரே இதயத்தின் துடிப்பைப் பிடிக்கும். யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மஞ்சள் அலரி நஞ்சேறிய 170 பேரைப் பற்றியது. ஒரு சிறிய குடாநாட்டில் அவ்வளவு பேர். கார்த்திகைக் கிழங்கில் கொல்கிசின் இருக்கிறது. வாதக் குத்துக்கு அதே சேர்மம் மிகச் சிறிய அளவில் மாத்திரையாகிறது. கிழங்கை வற்றாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து பாவிப்பார்கள். அந்தச் சுத்தி முறை கையில் இல்லாதவர் அதன் கிட்டப் போகக்கூடாது. நீ எடுக்கிற பூவை நீயே நட்டு, நீயே பறித்து, பறித்த நாளை எழுதி, நீயே காயவை. செடியில் நிற்கும்போது பார்க்காத பூ உன் போத்தலுக்குள் போகக்கூடாது.

எண்ணெய் காய்ச்சுவதில் உனக்கு ஆசை இருக்கிறது, அதை நான் தடுக்கவில்லை. செவ்வரத்தையை எடு. இதழை நிழலில் இரண்டு மூன்று நாள் வாடவிட்டு நீரை வற்றவிடு. நேரே வெயிலில் போட்டால் நிறமும் குணமும் போகும். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ அடி கனத்த சட்டியில் மெல்லிய நெருப்பில் வை. புகைய விடாதே. பூ சுருண்டு வரும்போது அகப்பையால் சிறிது எடுத்து விரலுக்கிடையில் உருட்டு. பிசினாக ஒட்டினால் நீர் நிற்கிறது. மெழுகாகத் திரண்டு உருண்டால் நெருங்கிவிட்டது. அதை நெருப்பில் போட்டுப் பார். சடசடவென்று பொரிந்தால் இன்னும் ஈரம், சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கு. சூட்டோடு துணியில் வடித்து, காய்ந்த போத்தலில் மட்டும் விடு. ஈரப் போத்தலில் விட்டால் அத்தனை பாடும் வீண். சில நாளில் சிக்கு மணம் வந்துவிடும். ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒரு சிறு போத்தலை விற்காமல் திகதி எழுதி அலுமாரியில் வை. எவ்வளவு காலம் நிற்கிறது என்று அது உனக்குச் சொல்லும். பாவனை முடிவுத் திகதியை அதைப் பார்த்தே போடு.

லேபிளுக்கு வா. பூவின் பெயரைத் தமிழில் பெரிதாக, அதன் கீழே உலகம் முழுக்க விளங்குகிற விஞ்ஞானப் பெயர், எண்ணெயின் பெயர், செய்த திகதி, முழங்கையின் உட்புறத்தில் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பாவிக்கவும் என்ற ஒரு வரி. “தேமல் தீரும்”, “சிரங்கு மாறும்” என்று ஒரு சொல் எழுதினாலும் அது மருந்தாகிவிடும். இலங்கையில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றுக்கும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. மருந்து செய்து விற்கப் பதிவும் அனுமதியும் வேண்டும். ஆசையிருந்தால் பிறகு அந்த வழியில் முறையாகப் போ. இப்போது குளியல் பொருள் செய்கிறவளாகவே இரு.

சரியான பெயர் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மானிப்பாயில் 1848இல் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிய சாமுவேல் கிறீன் வைத்தியரின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பாய். அமெரிக்காவில் இருந்து வந்த அவர் தமிழ் படித்து, இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கி, நமது பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைச் சொல்லிக்கொடுத்தார். எலும்புக்கும் நரம்புக்கும் மருந்துச் சரக்குக்கும் சரியான தமிழ்ப் பெயர் தேடி அவர் பட்ட பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. அதற்கு முன்பே நமது அரசர் காலத்து வைத்தியம் பரராசசேகரம் என்ற பெயரில் பாட்டாக இருந்தது, ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை ஏடுகளைத் தேடிப் பதிப்பித்திராவிட்டால் அதில் எவ்வளவு நமக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஓடினபோது எத்தனை வீட்டு ஏடுகளும் கைக்கொப்பிகளும் போயின என்று எனக்குத் தெரியும். ஆகையால் உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். உன் தெருவில் எழுபது வயது தாண்டின அம்மம்மாமார் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போய் எந்தப் பூ, எந்தப் பகுதி, பச்சையா காய்ந்ததா, எதோடு சேர்த்தது, யாருக்குக் கொடுத்தது என்று கேட்டு எழுது. யாருக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கட்டாயம் கேள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்காதது, பால் குடிக்கிற குழந்தைக்கு ஆகாதது என்று அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் இராது. செடியின் கொப்பு ஒன்றை இலையோடும் பூவோடும் காயோடும் அழுத்திக் காயவைத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஒட்டின கொப்பு மாறாது. கைதடியில் சித்த மருத்துவத்தின் மருந்துச் சரக்குப் பாடமான குணபாடம் படிப்பிக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினால் சந்தேகமானவற்றைப் பிரித்துத் தருவார்கள். நானும் கூட வருகிறேன்.

கலெண்டுலாவில் மனம் விடவில்லை என்றால், நுவரெலியாப் பக்கம் இருந்து செடியையோ விதையையோ எடுத்து, மாரி தொடங்கியபின் சட்டியில் வைத்து வளர்த்துப் பார். பூத்தால் அந்தப் பூவில் காய்ச்சின எண்ணெய்க்கு அந்தப் பெயரை வை, எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. இப்போதைக்கு அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து லேபிளை நிறுத்தச் சொல். முன்பணம் கொடுத்திருந்தால் அதை வடக லேபிளுக்கு மாற்றிக் கேள். மேற்கு மூலையில் நிற்கிற வேம்பு மொட்டுக் கட்டியிருக்கிறது என்று உன் அம்மா சொன்னா. பழைய சேலைகள் என்னிடம் இருக்கின்றன, வரும் ஞாயிறு தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா